மூன்று சிறுகோடுகள்

இரவு இரண்டு பத்து.
எடைமேடையிலிருந்து லூர்துமேரியின் குரல்:
"சீட்டு வரமாட்டேங்குது சார்.
கேட்டுக்கு வெளிய முப்பத்தோரு வண்டி நிக்குது."

ஆனி மாதம். கிருஷ்ணகிரி தாண்டி
பர்கூர் சாலையில் மாங்கூழ் ஆலை.
ஏசி அறைக்குள்ளும் பெங்களூரா வாசம்,
கதவிடுக்கு வழியே, ஈயோடு சேர்ந்து.
திரையில் பார்க்கிறேன்:
வட்டு நிரம்பிவிட்டது, நூற்றுக்கு நூறு.
பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நான் வாங்காத மதிப்பெண்.

அணைத்துப் போட்டால் நாலு நிமிடம்.
ஆனால் இதே இயந்திரத்தின் இன்னொரு பகுதியில்
கூழ் கலனின் வெப்பம்
நொடிக்கொரு வரியாக இறங்கிக்கொண்டிருக்கிறது.
நாலு நிமிடம் வரி விட்டுப்போனால்
அந்த நாலு நிமிடக் கூழுக்குச் சாட்சி இல்லை.
சாட்சியில்லாத கூழை எந்தக் கப்பலும் ஏற்றாது.
வேப்பனப்பள்ளியில் யாரோ மரமேறி இறக்கியது
பன்றிக்குப் போகும்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு லாரி மட்டும்
உறுமிக்கொண்டே நிற்கிறது.
எட்டிப் பார்த்து, "அணைங்க" என்றேன்.
திம்மராயன் தலையை வெளியே நீட்டினார்:
"செல்ஃப் போச்சு சார். நேத்து சாயங்காலத்துல இருந்து ஓடுது.
அணைச்சா எழாது.
டீசல் கூட ஓட ஓடத்தான் ஊத்தினேன்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

புது வட்டு ஒன்று உருவாக்கினேன். நூறு ஜிபி.
மெய்நிகர் வட்டு;
லூர்துமேரியின் மேடையில் வைத்தால் எண் மாறாது.
ஓடும் இயந்திரத்தில் செருகினேன்.
செருகியாயிற்று என்கிறது வெளித்திரை.
உள்ளே போய்க் கேட்டால்
இருப்பது ஒரே வட்டு என்கிறது லினக்ஸ்.
பொய் சொல்லவில்லை.
கண் திறந்தபோது கண்டதைச் சொல்கிறது.
அது கண் திறந்து நானூற்றுப் பன்னிரண்டு நாள்.

மறுபடி பார் என்று சொல்ல வேண்டும்.
அதற்கான மொழி மூன்று சிறுகோடுகள்,
நடுவில் இடைவெளி விட்டு:

-   -   -

எந்தத் தடமானாலும் எந்த இலக்கானாலும் எந்த எண்ணானாலும்
வந்து நிற்பது யாரென்று பார்.

பூஜ்யம் என்ற வாசலில் சொன்னேன். பதிலில்லை.
ஒன்றில் சொன்னேன். பதிலில்லை.
வேறு இயந்திரத்தில் செருகித் தொலைத்தேனோ?
வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.
பெயரைச் சரிபார்த்தேன், இரண்டு முறை,
திரையில் விரலை வைத்து, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி.
இரண்டாம் வாசலில் அதே மூன்று கோடுகள்.
கருந்திரையில் ஒரு வரி வந்தது:
எஸ்டிபி.

பிறகு எல்லாம் கைப்பழக்கம்.
வெறும் வட்டுக்கு முத்திரை குத்தி,
பழைய கூட்டத்தில் சேர்த்து,
எல்லையைத் தள்ளி,
கோப்புமுறையை அதன்மேல் பரப்பி...
பயிர் நிற்கும்போதே வயலை அகட்டுவது போல
என்று எழுத வந்தேன். அப்படி இல்லை.
பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே
பந்தலை நீட்டுவது.
யாரும் இலையை விட்டு எழவில்லை.

நூறு, ஐம்பத்தொன்று ஆனது.
வெப்பக் கணக்கில் ஒரு நொடியும் விடுபடவில்லை:
தொண்ணூற்றிரண்டு புள்ளி நாலு,
புள்ளி நாலு,
புள்ளி மூன்று.

கீழே அச்சுப்பொறி இருமத் தொடங்கியது.
"வந்திருச்சு சார், பழசெல்லாம் சேந்து வருது."
திம்மராயன் வண்டி மேடையேறியபோது
எஞ்சின் அதிர்வில் கடைசி இலக்கம் நிலைகொள்ளவில்லை.
லூர்துமேரி கொஞ்சநேரம் முறைத்துவிட்டு
நடுவில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
இரண்டு ஐம்பத்தைந்து. வட்டு சேர்க்கப்பட்டது. நிறுத்தம் இல்லை.
எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.
இப்போது இரண்டு வட்டும் ஒரே நிலம்.
எது எதில் கிடக்கிறதென்று எனக்கே தெரியாது.
ஒன்று போனால் மற்றதும் போகும்.
பருவம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்குக் காலி வண்டியாகத் திரும்பும்போதும்
அவர் அணைத்திருக்கவில்லை.