காத்செல்

லுவார் நதிக்கரையில் சோமூர்.
கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு எதிரே
நான் எழுத்து வெட்டும் கடை.
எழுத்துக்குப் பதினொரு யூரோ,
தங்கப்பூச்சு என்றால் பதினாறு.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தார்,
காரை ஒரே திருப்பில் நிறுத்திவிட்டு.
கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராம்.
குடும்பக் கல்லில் தன் பெயரை
இப்போதே பொறித்து வைக்க வேண்டும்,
பிறகு வந்து சொல்ல ஆளில்லை.

சொலான்ஷ் காத்செல்.

கேட்டவுடன் என் காது
அதைத் தமிழாக்கிவிட்டது:
காத்து, செல்.
எவ்வளவு நல்ல பெயர் என்று சொல்லியும்விட்டேன்.
சிரித்தார்.
'உப்பைக் கெடுத்தவன்' என்று பொருள், என்றார்.

எந்த உப்பு, எப்படிக் கெட்டது,
அதில்தான் வீட்டில் சண்டை.
கடலிலிருந்து உப்பேற்றி ஆற்றில் வந்த படகில்
எவனோ ஒரு முப்பாட்டன் தூங்கிப்போனான்,
மழை வந்தது; இது அவர் அப்பா கட்சி.
சித்தப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்:
ராஜாவின் உப்புவரிக் கிடங்கில்
பிடிபட்ட கள்ள உப்போடு மண்ணைக் கலக்கும் சேவகன்,
அரசாங்கச் சம்பளக்காரன்,
நம்மைப்போல் இல்லை என்பார்.
தம்பி ரெஜிஸ் மட்டும்
சும்மா ஒருவன் சூப்பில் அள்ளிப் போட்டிருப்பான்,
ஊர் விடுமா என்றானாம்.
மூன்று பேரும் இப்போது அந்த ஒரே கல்லின் கீழே.
தீர்ந்திருக்காது.

முதல் போருக்கு முன்னால் பதினான்கு பேர்.
நான்கு பேரைப் போர் தின்றது.
ஆறு பேர் பெண்கள்,
பெயரைக் கல்யாணத்தன்று கழற்றி வைத்தார்கள்.
தொலைபேசிப் புத்தகம் இருந்த காலத்தில்
மூன்று வரி இருந்தது.
இப்போது ஒருவர்,
அவரும் என் எதிரே
கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டு.

முதல் உயிரெழுத்தின் தலையில் தொப்பி உண்டே,
அதற்கும் காசா? என்றார்.
எனக்குத் தெரியவில்லை.
ஒரு காலத்தில் அங்கே 'ஸ்' ஒன்று இருந்ததாம்.
நாக்கு அதைக் கைவிட்டது.
எழுதுகிறவர்களுக்கு மனம் கேட்கவில்லை,
போன இடத்தை மட்டும் அடையாளம் வைத்தார்கள்.
எங்கள் பக்கம் இதற்கு நடுகல் என்று பெயர், என்றேன்.
நடுகல்லுக்குக் காசு வாங்குவதில்லை.
(இந்தத் தொழிலில் இருப்பவன் பேசுகிற பேச்சா இது?)

பிறகு என் சட்டையில் தைத்திருந்ததை வாசித்தார்.
வலிப்யுராம்?
வல்லிபுரம்.
விரலால் எண்ணினார். பத்து எழுத்து.
உங்களுக்குச் செலவு அதிகம்.

அது என் பெயரே இல்லை.
ஐயாவின் பெயர்,
பருத்தித்துறை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்.
அவருக்கு முன்னால் அவர் ஐயா நின்றார்,
எனக்கு முன்னால் இவர்,
என் மகளுக்கு முன்னால் நான் நின்றிருக்க வேண்டும்.
ஒரு பெட்டி கழன்று ஒரு பெட்டி பூட்டிக்கொண்டு
ஓடிக்கொண்டிருந்த ரயில்.
குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தைக் காட்டி
மேசைக்காரி அதை நிறுத்திவிட்டாள்.

எனவே,
தோற்றம்: ஆன்ஷே நகரம், மூன்றாம் ஜன்னல்,
ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்.
பொருள்: மணற்காட்டில் ஒரு பெருமாள் கோயில்.
பரவல்: சோமூரில் நான்கு பேர்,
ஒருத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.
பள்ளியில் வலிப்யுராம் என்று கூப்பிட்டால்
மூத்தவள் கையைத் தூக்குகிறாள்.
ஐயாவுக்கு இது தெரியாது.
போனில் சொன்னால் வாடகை கேட்பார்.

வெட்டினேன். தொப்பியோடு.
1966, ஒரு சின்னக் கோடு,
அதற்கப்பால் மழமழவென்று வெறும் கல்.
மீதி நான்கு எண்ணுக்கும் முன்பணம் கொடுத்தார்.
முதல் இரண்டை, இருபது என்று,
இப்போதே வெட்டிவிடட்டுமா,
மலிவாக முடியும், என்றேன்.
அவசரம் வேண்டாம்,
எங்கள் அத்தை ஒருத்தி நூற்றுமூன்று வரை இருந்தாள்.

அவர் போனபின் கூட்டிப் பார்த்தேன்.
அப்போதும் இருபதில்தான் தொடங்கும்.

ரசீது இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது,
உளிகளுக்கு அடியில்.
பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
காத்செல், நான்கு எண் பாக்கி.