வேர் கீழ்வீடு, காய் மேல்வீடு

மின்சார பில்லின் பின்பக்கத்தில்
வளவைக் கீறுகிறேன்.
பதினாலடி நீளம், ஒன்பதடி அகலம்.
மலக்குழி மூடிக்கு நாலடி போக
மிச்சம் தோட்டம்.

வெள்ளவத்தையில் இதை வளவு என்றால் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.

சித்திரை பிறந்து ஒன்பது நாள்.
வைகாசி மழை கொட்டமுதல்
விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும்.
போன போகத்துக் கணக்கு கொப்பியில் கிடக்கிறது,
என் கையெழுத்தில், வெட்கமில்லாமல்:

தக்காளி எட்டுக் கன்று. ஏழு வாடிச் செத்தது.
எட்டாவது ஒரு காய் தந்தது. அதை அணில் தின்றது.
கத்தரி, கடற்காற்றின் உப்பில் இலை கருகல்.
கறிமிளகாய் நல்லது. ஏனென்று தெரியாது.

பெயின்ற் வாளியில் தண்ணீர் நின்றதற்கு
டெங்குக்காரர் எழுதித் தந்த எச்சரிக்கைத் துண்டும்
அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இந்தமுறை வாளி ஒவ்வொன்றின் அடியிலும்
ஐந்து ஓட்டை. குலேந்திரன் போட்டது.
ஐந்தும் ஐந்து அளவு.
தும்புத்தூள் இரண்டு மூடை, மாட்டெரு ஒரு மூடை.
ஓட்டோக்காரன் மணத்துக்கென்று
இருநூறு ரூபாய் கூடக் கேட்டான், நியாயம்தான்.

எல்லாம் வாங்கலாம்.
வெயிலை எங்கே வாங்க?

கிழக்கில் எழும்பும் கட்டடம்
மாசியில் ஐந்தாம் மாடி, இன்று ஏழு.
சோக்கட்டியால் நிலத்தில் நிழலைக் கோடிட்டேன்,
எட்டு மணி, பத்து மணி, பதினொன்றரை.
பின்னேர வெயில் கடற்பக்கத்தால் ஒழுங்கை வழி வரும்.
வந்து என் மதிலில் முட்டி
மேலே போய்விடும்.

தக்காளிக்கு ஆறு மணித்தியாலம் வேண்டுமாம்.
என்னிடம் மூன்றே கால்.

தக்காளியை வெட்டினேன், பில்லில்தான்.
அந்தச் சதுரத்தில் வல்லாரை.
நிழலோடு கோபித்துக்கொள்ளாத பொன்னாங்காணி.
மதில் மூலையில் றம்பை.
பயித்தைக்கு மட்டும்
ஒரு கேள்விக்குறி.

"என்ன கீறுறீங்க, வீடு கட்டப் போறீங்களா?"
பல்கனியில் துணி உதறிக்கொண்டு பதுரியா ரீச்சர்.
"பயித்தை போட வெயில் இல்லை."
"இங்க பகல் பன்னெண்டுலருந்து நெருப்பா சுடுது,
கொடிய மேல அனுப்புங்களேன்."

அன்றைக்கே அவ கம்பியிலிருந்து
நீல நைலோன் கயிறு இறங்கியது.
என் பக்கம் செங்கல்லில் கட்டினேன்.
வேர் எனக்கு, காய் பாதி பாதி,
தண்ணீர் நான் ஊற்றுவது.
ஒப்பந்தம் வாயால்.

வைகாசி கொட்டித் தீர்த்தது.
வாளியில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.
நத்தை வந்தது, அது வேறு கதை.

ஆனியில் கொடி என் தலைக்கு மேல் போனது.
பிறகு என் கண்ணுக்கு மேல்.
எனக்குத் தெரிவது தண்டு மட்டும்.
பூவை நான் காணவில்லை,
ஊதா நிறம் என்று சொல்லக் கேட்டேன்.
கறுப்புப் பேன் பிடித்ததையும் சொல்லக் கேட்டேன்.
வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் கலந்து
போத்தலைக் கயிற்றில் கட்டி மேலே விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
பாண் பை ஒன்று ஆடி ஆடி இறங்கியது.
"பதினொண்டு காச்சிச்சு," மேலிருந்து குரல்.
பைக்குள் ஆறு.
எண்ணிப் பார்த்தேன் என்பதை
இங்கே ஒத்துக்கொள்கிறேன்.
வல்லாரை ஒரு பிடி வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

இப்போது கட்டடம் ஒன்பதாம் மாடி.
என் மூன்றே கால், இரண்டு ஆகிவிட்டது.
புதுப் பில்லும் வந்திருக்கிறது.
பின்பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

நேற்றுப் பைக்குள் காயோடு ஒரு காகிதம்,
கணக்குக் கொப்பியில் கிழித்தது.
அடிமட்டம் வைத்துக் கீறிய பல்கனி.
மூன்று வட்டம், வாளியாக்கும்.
கீழே உருண்டைக் கையெழுத்தில்:
தக்காளி வரும்தானே?

வரும் என்று இங்கிருந்து சொல்ல ஏலாது.
பதினொரு வருடம் கீழே இருந்துவிட்டு
முதல்முறை அந்தப் படிகளில் ஏறினேன்,
சோக்கட்டியோடு.