கால் சுற்று

"தண்ணிக் கடைக்குத் தண்ணி போடப் போறேன்"
என்று சொல்லி லோரியை எடுத்தேன்.
புஷ்பலீலா சிரிக்கவில்லை.
மூன்று வாரமாக அவளுக்கு இதே வரிதான்.

பாலேக் பூலாவ் மலைவளைவு ஒவ்வொன்றிலும்
பின்னால் உருண்டு முட்டிக்கொண்டன
கரி அடைத்த உருளை, சவ்வுக் குழாய் நான்கு,
சர்குணனின் நாசி லெமாக் பொட்டலம்.

பீ லியான் ஜாதிக்காய் ஒயின் போடுகிறாள்.
முதல் வருடம் நாற்பது புட்டி, மலை ஓடைத் தண்ணீர்,
கைகழுவும் தொட்டிக்கு அடியில்
ஒரே ஒரு வெள்ளை வடிகட்டி.
இப்போது ஆறு எஃகுத் தொட்டி.
ஓடை போதாமல் நகரக் குழாயும் சேர்ந்தாயிற்று.
வெள்ளை வடிகட்டி மட்டும் அங்கேயே தொங்கியது,
பெரிய கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும்
ஒன்றுவிட்ட மாமா போல.

கழற்றினேன்.
உள்ளே வெள்ளை இல்லை.
வழுவழுவென்று போன மழைக்காலம்,
கூடவே ஒரு குட்டி இலை.

"போன வருஷம் முந்நூறு புட்டியைக் கொட்டினேன்.
நனைந்த அட்டைப்பெட்டி வாசம்."
குளோரின்தான்.
நம்மைக் காக்கக் குழாயில் ஏறி வருவது,
மரப்பீப்பாயோடு சேர்ந்தால் வேறு ஆள்.
ஒயின் பெட்டியைத் திருப்பிப் படம் போட்டேன்:
மணல், அப்புறம் கரி, அப்புறம் சவ்வு,
கடைசியில் ஊதா வெளிச்சம்.
விலை கேட்டாள். சொன்னேன்.
ஜாதிக்காய் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

நான் குடிப்பதில்லை.
இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரையே ருசி பார்த்த நாக்கு இது.
ஐஸ் பட்டறைத் தண்ணீர் தூங்கும்.
மீ பட்டறைத் தண்ணீர் வழுக்கும்.
அவளுடைய ஓடைத் தண்ணீர்
கழுவிய கத்தியை நக்கினது போல,
ஓரத்தில் மட்டும் இனிப்பு.

நான்கு நாள் வேலை.
தொட்டி கழுவ ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு
"அண்ணே, இவங்க ஒயின் விக்கிறாங்களா
தொட்டி கழுவுறாங்களா?" என்றான் சர்குணன்.

வெள்ளிக்கிழமை கருவியில் எட்டு என்று காட்டியது.
கரைந்தது ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
பீ லியான் குவளையை வெளிச்சத்தில் தூக்கி
இல்லாததைப் பார்த்தாள்.
நானும் குடித்துப் பார்த்தேன்.
நாக்கு சும்மா திரும்பி வந்தது.
காசோலை வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி.
"ஈஸ்ட் எழுந்திருக்கவே இல்லை.
ஒரு குமிழிகூட இல்லை."

மழையோடு போனேன்.
பழைய தொட்டிகளில் காது வைத்தால்
நுரை கட்டப் போகும் ரசத்தின் முணுமுணுப்பு.
புதியதில்,
ஊருக்குப் போனவர்களின் வீடு.

ஈஸ்ட்டுக்கும் கொறிக்க ஏதாவது வேண்டும்.
துளி சுண்ணாம்பு, துளி உப்பு,
மலை மடியில் முடிந்து அனுப்பும் சில்லறை.
அத்தனையையும் பிடுங்கி வைத்துவிட்டேன்,
லஞ்சம் வாங்காத சுங்க அதிகாரி மாதிரி.

கரியைத் தாண்டி, சவ்வுக்குள் நுழையாமல்
பக்கவாட்டில் ஒரு குழாய் போகிறது.
அதன் வால்வில் கை வைத்தேன்.
கால் சுற்று.
எட்டு, இருபது, அறுபத்தைந்து.
நூற்றுப்பத்தில் நிறுத்தினேன்.
"ஏன் நூற்றுப்பத்து?"
நாக்கை நீட்டிக் காட்டினேன்.

தொட்டியில் கொஞ்சம் இறக்கி, இதைக் கொஞ்சம் ஏற்றி,
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.
அவள் மகளின் பள்ளிக் கட்டணம் பற்றிச் சொன்னாள்.
பிறகு அதுவும் தீர்ந்தது.
ஐந்தே காலுக்கு
யாரோ உதட்டைப் பிரிப்பது போல
டுப்.
எண்ணிக்கொண்டே காத்திருந்தோம்.
இரண்டாவது வர ஒன்பது நிமிடம்.

வீட்டு வாசலில்
சட்டையை முகர்ந்தாள் புஷ்பலீலா.
ஜாதிக்காய், ஈரம், ராத்திரி முழுக்க விழித்த கண்.
"எத்தனை ரவுண்டு?"

"கால்" என்றேன்.