இடது கொம்பு

விற்பனைப் பக்கம் கேட்கிறது:
புதியதா, பயன்படுத்தியதா?
மூன்றாவது கட்டம் இல்லை.

நாற்பத்தொரு வருடம்
பெட்டி பிரிக்காமல் வைத்திருந்ததை என்னவென்று சொல்ல?
தினமும் விளக்கணைக்கும் முன்
ஒருதரம் பார்த்துவிட்டுப் படுத்தேனே,
அதற்குப் பெயர் பயன்பாடா?

நான் நெரீனா. ஊர் திரியெஸ்தே.
போரா என்கிற காற்று கிளம்பினால்
கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய ஊர்.
பல்செட் செய்வது தொழில்.
முப்பது வருடமாக
அடுத்தவர் வாய்க்காக உழைக்கின்றன என் விரல்கள்.
அதற்கெல்லாம் முன்னால்
மாலை ஐந்து மணி என்று ஒன்று இருந்தது.
தொலைக்காட்சியில் ஜப்பான் ரோபோக்கள்
இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டு பறக்கும்.
அவையும் எங்கள் துறைமுகத்துக்காரர்கள் என்றே
ஏழு வயதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் விலைக்கு வைத்தவை சில்லறைகள்:
நாணயம் போட்டால் விழும் உருண்டைக்குள்ளிருந்த
விரல் நீளப் பூதங்கள்,
சுஷி வடிவ அழிப்பான்கள்,
ஓரம் மடங்காத அட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு;
நான் போட்ட விலையைப் பார்த்து
ஒரு மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

குறைத்தேன்.
சோஃபியாவுக்கு ஒரு பூதம் போயிற்று,
தாம்பெரேவுக்கு ஐந்து.
காலிப் பெட்டி ஒன்று,
வெறும் அட்டை, உள்ளே காற்று,
நூற்றெண்பது யூரோவுக்குப் போனது.
வாங்கியவனிடம் பொம்மை இருக்கிறதாம், பெட்டிதான் இல்லையாம்.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்;
இந்தச் சந்தையில் ஆள் கால், ஆடை முக்கால்.

ஒரு நாள் காற்று
பொட்டலத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது.
பின்னால் நான்.
மீன்கடைத் துயே
காலை நீட்டி மிதித்து நிறுத்தினார்.
"உள்ளே என்ன?"
"பொம்மை."
"பேத்திக்கா?"
"வியாபாரம்."
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கே.

இனி கொம்பன்.
பெட்டியிலிருந்த எழுத்து யாருக்கும் புரியாததால்
நாங்கள் வைத்த பெயர்.
இரும்பு மார்பு, சிவந்த முழங்கை, நெற்றியில் இரண்டு கொம்பு.
இடது கொம்பை என் தம்பி டூலியோ
மாடியிலிருந்து பறக்கவிட்டுத் தொலைத்தான்.
"உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்று
அவனைக் கேட்டுக்கேட்டு அடித்தேன்.

பிறகு தொழில் கற்றேன்.
பல்லுக்கு ஊற்றும் பிசினில் கொம்பு வார்த்து,
கோரைப்பல் தேய்க்கும் அரத்தால் தேய்த்து,
நிறம் ஏற்றி ஒட்டியபோது
எனக்கே எது எது என்று தெரியவில்லை.

அதுதான் வினை.
"அசல்" என்று எழுதினால் தொள்ளாயிரம்.
யாருக்கும் தெரியப்போவதில்லை.
இரண்டு இரவு
அந்த ஒரு சொல்லை அடித்தேன், அழித்தேன்.
மூன்றாம் இரவு இப்படி எழுதினேன்:
இடது கொம்பு அசல் அல்ல.
செய்தவள் பல் தொழிலாளி.
கடிக்காது.

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி.
இங்கே சொல் வந்ததும் விலை போச்சு:
நானூற்றைம்பது, நானூறு,
பிறகு சத்தமே இல்லை.

பதினோராம் நாள் செந்தாயிலிருந்து
ஹிரோயோஷி என்பவர் கேட்டிருந்தார்:
உங்கள் நகரில் நல்ல பல் என்ன விலை?
சொன்னேன். அறுநூற்றிருபது.
அதையே அனுப்பினார்.
ஏன் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

சுங்கத் தாளில்
பயன்படுத்தியது என்ற கட்டத்தில்
பேனா கிழியும் அளவு அழுத்திக் கோடு போட்டேன்.

பொதியும் முன்
பழக்க தோஷம், ஒரு அச்சு எடுத்துக்கொண்டேன்.
பட்டறை அலமாரியில்
திருமதி ஸ்காபாரின் கடைவாய்க்கும்
ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரின் மேல்வரிசைக்கும் நடுவே
வெள்ளைச் சுண்ணாம்பில் நிற்கிறது அது.
புதிதாக வேலைக்கு வந்த பையன்
திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இது யார் வாய்?"