இருபத்து மூன்று கிலோ

சைதாப்பேட்டை பழைய பேப்பர் கடைத் தராசில்
உன் பெட்டியைத் தூக்கி வைத்தோம்.
இருபத்து நாலு கிலோ, இருநூறு கிராம்.
"பேப்பர்னா சொல்லுங்க, எடுத்துக்கறேன்.
ஏரோப்ளேனுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல"
என்றார் கடைக்காரர்.
நடைபாதையிலேயே பெட்டியைத் திறந்து உட்கார்ந்தோம், ஜெனோவா,
எதைக் கழிப்பது என்று.

மிக்ஸியை நேற்றே எடுத்தாயிற்று.
அங்கே நூறு வோல்ட்தான்,
நம் மிக்ஸி முனகும், அரைக்காது.
பருப்புப்பொடி இருக்கட்டும்.
கடுகும் இருக்கட்டும்,
ஆனால் தாளிக்கும் முன் புகைவிசிறியைப் போடு.
கூரையில் ஒட்டியிருக்கும் குட்டி வெள்ளை வட்டத்துக்கு
ரசமும் தீவிபத்தும் ஒன்றுதான்.
அது கத்தினால் அறுபது பெண்கள்
இரவு உடையோடு பனியில் இறங்கி நிற்பார்கள்,
உன்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு.

இத்தனை செருப்பு எதற்கு?
வாசலில் கழற்ற ஒன்று, உள்ளே நடக்க ஒன்று.
கழிப்பறைக்கு அவர்களே வைத்திருப்பார்கள்.
அதை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிடாதே.

தொட்டி குளிக்க இல்லை.
வெளியே முக்காலியில் உட்கார்ந்து
தேய்த்து, அலசி, எல்லாம் முடித்தபின்
சும்மா ஊறுவதற்கு.
எல்லாருக்கும் அதே வெந்நீர்.
ஆறிலிருந்து ஏழுக்குள் ஆளுக்கொரு வாளி என்று
நாலு வருடம் சண்டை போட்ட நமக்கு
அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும்
திருடுகிற மாதிரி இருக்கும்.
இருக்கட்டும். இறங்கு.

அம்மாவிடம் சாயங்காலமே பேசிவிடு.
இங்கே ஒன்பது என்றால் அங்கே பன்னிரண்டரை.
சுவரோ அட்டை.
உன் குரலோ காசிமேட்டில்
மீன் ஏலத்துக்கு நடுவே பழகியது.

தரை ஆடினால் ஓடாதே,
மேஜைக்கு அடியில் போ.
முதல் தடவை
தண்ணீர் லாரி போகிறது என்றுதான் நினைப்பாய்.

துணி துவைத்து முடிந்த நிமிடமே போய் எடு.
தாமதித்தால் யாரோ எடுத்து
அழகாகக் கூடையில் வைத்திருப்பார்கள்.
திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

குப்பை... சரி, குப்பையைக் கவனமாகக் கேள்.
எரிவதற்கு இரண்டு நாள், எரியாததற்கு வேறு நாள்.
பாட்டில் என்றால் மூடி தனி, லேபிள் தனி,
உள்ளே கழுவிக் கவிழ்த்து வை.
பை மாறினால் உன் பை மட்டும்
தெருவில் அப்படியே கிடக்கும்,
மேலே ஒரு சீட்டு ஒட்டி.

"நீங்க எத்தனை வருசம் இருந்தீங்க அங்க?"
கடைக்காரர் என்னைத்தான் கேட்டார்.
நீ சட்டென்று பெட்டிக்குள் குனிந்துகொண்டாய்.

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் எனக்கு.
ஐந்து மாதம்.
வேறு என்ன செய்வது,
அந்த விடுதி விதிகளைப் பதினாலாம் அறைக் கட்டிலில்
மனப்பாடம் செய்தேன்.

அங்கே எந்தச் சூப்பிலும் மீன் இருக்குமாம்,
கண்ணுக்குத் தெரியாமல்.
உனக்கு அது வீட்டு வாசனை.
தயிர்சாதக்காரி நான்தான் திண்டாடியிருப்பேன்.
இப்படி ஓர் ஆறுதலை எடுத்து வைத்திருக்கிறேன்,
எடை இல்லாதது.

கடைசியில் வெளியே வந்தது
என் பெயர் எழுதிய அகராதி.
"போன்லயே இருக்குடி" என்றாய் மெதுவாக.
உண்மைதான்.
தராசில் சிவப்பு எழுத்தில்
இருபத்து மூன்று. சரியாக.
கடைக்காரர் அகராதியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.
"இத எடைக்குப் போடறீங்களா?"
"இல்லண்ணே."

நீ போய் மூன்று வாரம்.
அறையில் உன் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை.
காலையில் மாநகராட்சி வண்டி வந்தது.
பையை வாங்கிய அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு,
"ஏம்மா, பாட்டிலக் குளிப்பாட்டியா அனுப்புவாங்க?"
என்று சிரித்தபடி
மூடி, லேபிள், பாட்டில், நேற்றைய சோறு
எல்லாவற்றையும்
ஒரே டிரம்மில் கொட்டினாள்.