இரு பக்கமும் திறக்கிற நோட்டு

சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில்
முப்பத்தொரு வருஷம் எடை போட்டவர்
என் தாத்தா ஞானாதிக்கம்.
மே மாதம் வீடு திரும்பினால்
சட்டையில் மல்கோவா வாசம்.
மற்ற மாதங்களில் சில நாள் பினாயில்.

பினாயில் எங்கிருந்து என்று
எனக்கு வெகுநாள் தெரியாது.

சூரமங்கலம் டீக்கடைப் போனில்
பெரியாஸ்பத்திரிப் பிணவறை ஆள் கூப்பிடுவார்:
"ஒண்ணு இருக்கு சார். நாலு நாளாச்சு. யாரும் வரல."
தட்டிலேயே கை கழுவிக்கொண்டு
சைக்கிளை எடுப்பார் தாத்தா.
போலீஸ் கடிதம், பெட்டி, எட்டு முழம் மல்துணி,
வின்சென்ட் தே பவுல் சபையில்
அன்று யாருக்கு ஷிப்ட் இல்லையோ அவர்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின்
காணிக்கை எண்ணுவதும் அவரேதான்.
கிழிந்த பத்து ரூபாயைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு
தன் நல்ல பத்தை அடுக்கில் செருகுவார்.
அந்தக் கிழிசல்களை ஒட்டி ஒட்டியே
வீட்டில் காய்கறி வாங்கினோம்.

அம்மாவின் நிச்சயதார்த்தத்துக்கு
ஒன்றரை மணி நேரம் தாமதம்.
மாப்பிள்ளை வீட்டார் தட்டுவடை செட்டில்
இரண்டாம் சுற்று முடித்த பிறகு
ஈரத் தலையோடு வந்து நின்றாராம்.
"செத்தவங்களுக்கு என்னப்பா அவசரம்?"
என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் அம்மா.
"வெயில் காலம்மா" என்றாராம்,
அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள்
பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடைத்தது
கோடு போட்ட நீள நோட்டு.

முன்பக்கம்:
ஆண். அறுபது இருக்கும். ஐந்து ரோடு.
நீலக் கட்டம் போட்ட லுங்கி.
முழங்கையில் 'தனம்' என்று பச்சை.
தனத்துக்காகவும் ஒரு அருள்நிறைந்த மரியே.

பெண். இருபது கூட இராது.
இடுப்பு முடிச்சில் பஸ் டிக்கெட், ஆத்தூர் – சேலம்.
திரும்பிப் போக டிக்கெட் இல்லை.

ஆண். என்ன மதமென்று தெரியவில்லை.
பஷீர் பாய் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்,
நான் எனக்குத் தெரிந்ததை.
குழி வெட்டிய மாரியப்பன் திருநீறு வைத்தான்.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு.

நோட்டைத் தலைகீழாய்த் திருப்பினால்
நாங்கள்.
அமலிக்குச் செருப்பு நாலாம் நம்பர், இடது கால் சற்றுப் பெரிது.
பெரியவனுக்கு டைபாய்டு ஊசி, மூன்றாவது பாக்கி.
பேரனுக்கு முன்பல் விழுந்தது, செவ்வாய்.
பிறகு, அடிக்கோடிட்டு:
அமலி நிச்சயம். தாமதம். மன்னிப்புக் கேட்க வேண்டும்.
அதன் கீழே ஐந்து தேதிகள்,
எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்,
எல்லாம் அடித்திருந்தன.

அம்மா நோட்டை மூடினாள்.
அடுக்களைக்குப் போய்
ஒன்றும் போடாத மிக்ஸியை
கொஞ்ச நேரம் ஓடவிட்டாள்.

கல்லறைத் திருநாளில் அவர் வழக்கம்
எங்கள் குடும்பத்துக்கு எட்டு மெழுகுவர்த்தி;
மிச்சப் பெட்டி சைக்கிளில் கட்டி
மாநகராட்சி இடுகாட்டுக்கு.
இந்த வருஷம் குடும்பத்துக்கு ஒன்பது.
மிச்சத்தை ஆட்டோவில் கொண்டுபோனோம்.
எந்த மேடு யாருடையது என்று
நோட்டிலும் இல்லை.
மதில் ஓரமாக வரிசையாய் நட்டோம்.
சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிய காற்று
பாதியை அணைத்துக்கொண்டே வந்தது.
மேலே ஏற்காட்டு ரோட்டில்
ஒரு பஸ்ஸின் வெளிச்சம் மட்டும்
வளைந்து வளைந்து ஏறியது.

அப்போதுதான் அடித்தது
ரீசார்ஜ் தீரட்டும் என்று
அம்மா அணைக்காமல் வைத்திருந்த தாத்தாவின் செல்போன்.
"ஞானாதிக்கம் சாருங்களா?
பெரியாஸ்பத்திரியில இருந்து. நான் புது ஆளு.
செவுத்துல இந்த நம்பர் எழுதியிருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள்.
கையில் உருகிய மெழுகு
விரல் இடுக்கில் வெள்ளையாய் இறுகியிருந்தது.
"அவர் இல்ல" என்றாள்.
அந்தப் பக்கம் வைக்கப் போன மாதிரி இருந்தது.
"இருங்க இருங்க...
ஆணா, பொண்ணா?"

நோட்டின் நடுவில்
பதினேழு வெற்றுப் பக்கங்கள் உண்டு.
அம்மா என்னிடம் பேனா கேட்டாள்.
எழுதவில்லை. உதறிக் கொடுத்தேன்.