ஆறு இல்லாத பெட்டி

பார்சல் ஏறிய பேருந்து
நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றது.
ரயில் இஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் என் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.

பயிர்க் காப்பீட்டின் கடைசி வாரத்தில்
சர்வர் எப்போது வரும் என்று வரிசை கத்திக்கொண்டிருக்க
ஆளுக்கு ஐம்பதாகச் சேர்ந்த காசு.

கணினி, மூடிப்போன வங்கிக் கிளையின் ஏலத்தில் எடுத்தது.
சொத்து எண் 0417 என்ற சீட்டை
உரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.
பகலில் அது அடங்கலும் சிட்டாவும் துப்பும்.
ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால்
செண்பகவல்லி ஆன்லைன் சர்வீஸ் முடிந்தது,
நான் குதிரையில் போகிறவள்.

கார்டு மூன்று வருடம் இரவும் பகலும்
யாருக்கோ நாணயம் தோண்டியிருக்கிறது.
திருச்சிக்காரன் சொல்லவில்லை,
விசிறியில் படிந்த கறுப்பு சொன்னது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு களம்:
உமித் தூசி, வைக்கோல் துணுக்கு,
ஒரு பல்லிமுட்டை ஓடு.
கார்டு ஒரு விரற்கடை நீளம் கூடுதல்.
அடைக்கலராஜ் ஹேக்ஸா எடுத்து வந்து
வங்கியின் தகரத்தைக் கொஞ்சம் அறுத்தான்.
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்,
தகரத்துக்கெல்லாம் இரங்கமாட்டான்.
பிறகு ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்து
நிமிர்ந்து சொன்னான்:
"இதுல ஆறு இல்லையேக்கா."

ஆறு முனை பிளக்கைத்தான் சொன்னான்.
எனக்குத்தான் சிரிப்பு வந்தது,
அவனுக்கு ஏன் என்று புரிய
இரண்டு நிமிடம் ஆயிற்று.
பிறகு இரண்டு நாலு முனைகளை எடுத்து முறுக்கி
ஈயம் வைத்து ஒரு ஆறு ஆக்கினான்.
கணக்கு டீச்சர் யாரும் கடையில் இல்லை.
மூணாறு தலைப்பில்
ஒன்று மூன்றாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

மீட்டர் நூற்று எழுபத்தெட்டு காட்டியது.
பம்புசெட்டெல்லாம் ஓயட்டும் என்று
பத்து மணி வரை பரோட்டா தின்றோம்.

சுவிட்ச்.
விசிறி சுற்றுகிறது.
திரை கறுப்பு.

அவன் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான்.
எதுவும் எரியவில்லை.
கழற்றி, தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்து, மாட்டி,
மறுபடியும் கறுப்பு.
திருச்சிக்காரனின் வம்சத்தைப் பற்றி
அவன் சொன்னதைக் கவிதையில் எழுத முடியாது.
பத்தேமுக்காலுக்கு நான்தான் பார்த்தேன்:
மானிட்டர் கேபிள் இன்னும் பழைய துளையில் இருக்கிறது.
ஒரு மணி நேரமாய்
குடிபெயர்ந்தவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம்.

மாற்றிச் செருகியதும்
மலை வந்தது, பனி வந்தது,
என் குதிரைக்கு முதன்முறையாகப் பிடரி வந்தது.
ஆனால் நொண்டியது.
கார்டில் கரை புரள்கிறது,
ப்ராசஸரோ பழைய மதகு,
ஒரு பலகைக்குமேல் தூக்காது.
பதினேழு ஃப்ரேம்.

நிழல்: குறைவு.
புல்: குறைவு.
தூரத்து மரங்கள்: வேண்டாம்.
இருபத்து மூன்று.
அடுத்த வரி, தண்ணீரின் தரம்.
மௌஸ் அங்கே நின்றது.

"அதையும் குறைங்கக்கா, முப்பது வந்துரும்" என்கிறான்,
போன குறுவையில்
இரண்டு மா கருகக் கொடுத்தவன்.

குறைத்தேன்.
ஆறு நீலத் தார்ப்பாய் ஆனது.
குதிரை அதன்மேல் சிக்கலின்றிப் பறந்தது.
பார்த்தீங்களா என்று
ஈயக்கோலைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு கிளம்பினான்.
காசு வேண்டாம்,
அவன் தங்கைக்கு வருமானச் சான்றிதழ் போதும்.

அவன் வண்டிச் சத்தம் பாலத்தைத் தாண்டியபின்
தண்ணீரை மட்டும்
மறுபடி உச்சத்துக்கு ஏற்றினேன்.
குதிரையை விட்டு இறங்கி
விட்டு விட்டு, முழங்கால் ஆழத்தில்
நடந்தே போனேன்.
ஸ்டெபிலைசர் டக்கென்றது.
திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு
அப்படியே இருந்தது.